வேர்ப்புழுவைக் கொன்ற நூற்புழு கொசுவையும் கொல்லுமா?

பொள்ளாச்சிப் பக்கம் தென்னையும் ஊடுபயிராகப் பாக்கும் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். தோப்புக்குள்ளேயே வீடு. அம்மா, மனைவி, ஆறு வயது மகள். போன மழைக்காலத்தில் அம்மாவுக்கு டெங்கு வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டிருக்கிறார். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் பாக்கு மரங்களில் வேர்ப்புழு விழுந்து, பூச்சிகளைக் கொல்லும் நூற்புழுப் பொடியை வாங்கித் தண்ணீரில் கரைத்து வேரடியில் ஊற்றியிருக்கிறார். நல்ல பலன். "மண்ணுக்குள் ஒளிந்திருக்கிற தடித்த புழுவையே கொல்லுதுன்னா, தண்ணியில நெளியிற கொசுப்புழு எம்மாத்திரம்?" என்று கேட்கிறார். மீதிப் பொடியை மாட்டுத் தண்ணீர்த் தொட்டி, மாடி டேங்க், மட்டை ஊறப்போடும் குழி எல்லாவற்றிலும் கலக்கத் திட்டம். அந்த நூற்புழுவுக்குள் இருக்கும் பாக்டீரியாவை வீட்டிலேயே வளர்த்துத் தெளிக்கலாம் என்று ஒரு வீடியோவும் பார்த்திருக்கிறார். மனைவி ஒப்புக்கொள்ளவில்லை: "யானைக்கால் வர வைக்கிறதும் இந்த மாதிரி நூல் புழுதானே, அதைப் போய்ப் பிள்ளை குடிக்கிற தண்ணியிலயா கலப்பீங்க?" கடைசியாக ஒரு கேள்வி: தொட்டிகளில் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்ற வரும் பணியாளர்களை, ரசாயனம் வேண்டாம் என்று வாசலோடு அனுப்பிவிடத் தனக்கு உரிமை இல்லையா?

கொசுக்களோடு வேலை செய்யும் பூச்சியியலாளர் என்ற முறையில் நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்தப் பொடியைத் தண்ணீர்த் தொட்டிகளில் கலக்காதீர்கள். அங்கே அது உங்களுக்குப் பயன்படாது. பொடி போட்டாயிற்று என்ற தைரியத்தில் தொட்டியை மூடாமல் விட்டுவிடுவீர்களோ என்பதுதான் என் கவலை, ஏனென்றால் உங்கள் வீட்டில் ஒருவருக்கு ஏற்கெனவே ஒருமுறை டெங்கு வந்துவிட்டது. டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்து போனால் மற்ற மூன்றுக்கும் நீடித்த பாதுகாப்பு கிடைப்பதில்லை, இரண்டாவது முறை வேறு வகை தாக்கினால் நோய் கடுமையாகும் வாய்ப்பு கூடுகிறது. அதனால் உங்கள் அம்மா விஷயத்தில் இதைச் சோதனை செய்து பார்க்கலாம் என்று விட்டுவிட முடியாது.

உங்கள் யோசனை ஆதாரமில்லாத யோசனை இல்லை. ஒரு பாதி சரி, மறுபாதியில்தான் சறுக்கல். அதை விளக்க முதலில் உங்கள் பாக்கு வேரடியில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும்.

மண்ணில் நடந்தது

நம் ஊரில் வேர்ப்புழுவுக்குக் கொடுக்கும் பொடியில் பெரும்பாலும் இருப்பது ஹெட்டெரோராப்டைடிஸ் இண்டிகா என்ற நூற்புழு. இதற்கு உங்கள் பக்கத்து ஊரோடே உறவு உண்டு: கோயம்புத்தூரில் கரும்புப் பயிரிலிருந்து கிடைத்து, 1992-ல் புதிய இனம் என்று பெயரிடப்பட்டது. பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம் இதைப் பொடியாக்கும் முறையை உருவாக்கியது.

பொடியில் இருப்பவை அந்த நூற்புழுவின் இளம் பருவம். அரை மில்லிமீட்டர் நீளம்தான், கண்ணுக்குத் தெரியாது. மண் துகள்களைச் சுற்றியிருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தில் நெளிந்து போய், வேர்ப்புழுவின் வாய், ஆசனவாய், மூச்சுத் துளை இப்படி ஏதாவது ஒரு வழியாக உள்ளே நுழையும். நுழைந்ததும் தன் குடலில் சுமந்து வந்த போட்டோராப்டஸ் என்ற பாக்டீரியாவைப் பூச்சியின் ரத்தத்தில் விட்டுவிடும். அசல் கொலையாளி அந்தப் பாக்டீரியாதான். இரண்டு நாளுக்குள் பூச்சி செத்துவிடும். செத்த புழு அழுகி நாறாமல் செங்கல் நிறமாகக் கிடந்ததைத் தோப்பில் பார்த்திருப்பீர்கள். மற்ற கிருமிகள் அந்த உடலில் குடியேறாதபடி பாக்டீரியா தானே எதிர்ப்புப் பொருள்களைச் சுரக்கிறது. நூற்புழு அந்தப் பாக்டீரியாவையும் பூச்சியின் சதையையும் தின்று, உள்ளேயே பெருகி, ஆயிரக்கணக்கில் வெளியே வந்து அடுத்த வேர்ப்புழுவைத் தேடிப் போகும். ஒருமுறை ஊற்றியது சில மாதம் வேலை செய்வது இதனால்தான். நிழல், ஈரம், தடித்த இரை மூன்றும் இருக்கிற பாக்குத் தோப்பைவிட நல்ல இடம் அதற்கு அமையாது.

தண்ணீரில் ஏன் நடக்காது

உங்கள் மாட்டுத் தொட்டியில் அந்தச் சூழல் கிடையாது. இந்த நூற்புழுவுக்கு நீந்தத் தெரியாது. நீரில் போட்டால் கொஞ்ச நேரத்தில் அடியில் போய்ப் படிந்துவிடும், அங்கே ஆக்சிஜன் குறைவு. கொசுப்புழுவோ மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் புழு அடியிலும் மேயும் என்பதால் சில நூற்புழுக்களை விழுங்கும், அதில் சில புழுக்கள் சாகவும் செய்யும். ஆனால் விழுங்கும்போதே வாயுறுப்புகளில் சிக்கிப் பல நூற்புழுக்கள் சிதைந்துவிடுகின்றன. தப்பி உள்ளே போனதைச் சுற்றிக் கொசுப்புழுவின் உடல் ஒரு கறுப்பு உறை போட்டு அடக்கிவிடப் பார்க்கிறது. ஏடிஸ் ஈஜிப்டி புழுவில் இப்படி நடப்பதை 1962-லேயே ஆய்வாளர்கள் விவரித்துவிட்டார்கள். அதோடு கொசுப்புழு மிகச் சின்ன இரை, வேர்ப்புழுவில் பெருகுவதுபோல் அதற்குள் பெருக இடமில்லை.

"ஆய்வுக்கூடத்தில் எண்பது, தொண்ணூறு சதவீதம் செத்ததாகப் படித்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட முடிவுகள் வந்திருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அவை பெரும்பாலும் ஒரு சின்னக் கிண்ணத்தில், விரலளவு நீரில், கொசுப்புழு ஒன்றுக்கு நூற்றுக்கணக்கான நூற்புழு என்ற கணக்கில் செய்தவை. அடியும் மேலும் ஒன்றாக இருக்கிற கிண்ணத்தில் நடந்ததை மூன்றடி ஆழத் தொட்டியில் எதிர்பார்க்கக் கூடாது. தோட்டத்து மண்ணில் தெளித்தால் பறக்கிற கொசு சாகும் என்று விளம்பரம் செய்கிறவர்களும் உண்டு. பறக்கும் கொசு மண்ணுக்குள் வாழ்வதில்லை, அந்த நூற்புழுவுக்கு அதைச் சந்திக்கும் வாய்ப்பே கிடையாது.

உங்கள் மனைவி சொன்னது

அவர் பயத்தைத் தட்டிக்கழிக்காதீர்கள், அதில் பாதி நியாயம் இருக்கிறது. யானைக்கால் புழுவும் நூற்புழு இனம்தான். ஆனால் அது குடிநீரில் வருவதில்லை, கொசுக்கடியில்தான் வருகிறது. குடிநீரில் வந்த ஒரு நூற்புழுவை நம் பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள்: நரம்புச் சிலந்தி. படிக்கிணற்று நீரைக் குடித்துக் காலில் புண்ணாகி, அதிலிருந்து முழநீளப் புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றி எடுத்த காலம் உண்டு. 2000-ல் அந்த நோய் இந்தியாவில் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. அந்த நினைவு உள்ள குடும்பங்களில், புழுவைத் தண்ணீரில் கலக்கிறேன் என்றால் யாரும் பதறத்தான் செய்வார்கள்.

உங்கள் பொடியில் இருப்பது இந்த இரண்டு வகையும் இல்லை. பூச்சிகளில் மட்டும் வாழ்வது; மனிதர், மாடு, கோழி உடல்சூட்டில் அது பெருகுவதில்லை. மாடு தெரியாமல் ஒரு வாய் குடித்துவிட்டால் பதற வேண்டாம். ஆனாலும் அது வயலுக்கென்று தயாரித்த பொடி. அதில் கலந்திருக்கும் தாங்கு பொருள்கள் குடிநீருக்கென்று சோதித்தவை அல்ல. மாடி டேங்க் விஷயத்தில் உங்கள் மனைவி சொல்வதே சரி.

அந்த வீடியோவை மறந்துவிடுங்கள்

இதில் மட்டும் கொஞ்சம் கறாராகப் பேசுகிறேன். செத்த புழுவை நசுக்கிச் சோற்றுக்கஞ்சியிலோ வெல்லத் தண்ணீரிலோ பாக்டீரியா வளர்ப்பது என்பது, என்ன வளர்கிறது என்றே தெரியாமல் எதையோ வளர்ப்பது. ஜீவாமிர்தம் தயாரித்துப் பழகியவர்களுக்கு இது சாதாரணமாகத் தெரியலாம். ஆனால் போட்டோராப்டஸ் குடும்பத்தில் அசிம்பயாட்டிகா என்று ஒரு இனம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் மனிதர்களின் தோலிலும் சதையிலும் தொற்று உண்டாக்கியிருக்கிறது. அரிதுதான், உங்கள் பொடியில் இருப்பது அந்த இனமும் இல்லை. ஆனால் அடுப்பங்கரையில் எது எதோடு கலந்தது என்று எப்படிப் பிரித்தறிவீர்கள்? அதை ஸ்பிரேயரில் ஊற்றி, மூக்குக்கு நேராகப் பனிபோல் தெளிப்பதை நினைத்துப் பாருங்கள். ஆறு வயதுக் குழந்தை இருக்கிற வீடு.

உங்கள் ஆர்வத்துக்காக ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் மோப்பம் பிடித்த திசை சரியான திசை. இந்தப் பாக்டீரியாக்களை நூற்புழு இல்லாமல் தனியே எடுத்தும், அவை சுரக்கும் பொருள்களைப் பிரித்தெடுத்தும் கொசுப்புழுவைக் கொல்ல முடிகிறதா என்று பல நாடுகளில் ஆய்வு நடக்கிறது, ஏடிஸ் புழுக்கள் சாகின்றன என்ற முடிவுகளும் வந்திருக்கின்றன. 2019-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில், இன்னொரு நூற்புழுவோடு வாழும் ஸெனோராப்டஸ் பாக்டீரியாவிலிருந்து எடுத்த ஃபேப்க்ளாவின் என்ற பொருள், கொசுவை ரத்தம் உறிஞ்ச விடாமல் தடுப்பதைக் கண்டார்கள். நாம் கடையில் வாங்கிப் பூசும் கொசு விரட்டிகளில் இருக்கும் டீட்டைவிடக் குறைந்த அளவிலேயே அது வேலை செய்தது. எனக்கு இந்த ஆய்வுகளில் பெரிய நம்பிக்கை உண்டு. ஆனால் தோலில் பூசினால் என்ன ஆகும், நீரில் எத்தனை நாள் தங்கும், மீனுக்கும் தட்டானுக்கும் என்ன செய்யும் என்ற கேள்விகளையெல்லாம் கடந்துதான் அது ஒரு மருந்தாக வர முடியும்.

கொசுவுக்கென்றே ஒரு நூற்புழு இருக்கிறது

நீங்கள் தேடியதற்கு நெருக்கமானது இதுதான். ரோமனோமெர்மிஸ் என்ற வகை. இது பாக்டீரியாவைச் சுமப்பதில்லை. நீரில் நீந்தி, கொசுப்புழுவின் தோலைத் துளைத்து நுழைந்து, ஒரு வாரம் போல உள்ளேயே இருந்து வளர்ந்து, உடலைக் கிழித்துக்கொண்டு வெளியேறும். கொசுப்புழு அங்கேயே செத்துவிடும். 1920களில் வங்காளத்தில் மலேரியா பரப்பும் அனாபிலிஸ் கொசுப்புழுக்களில் இப்படிப்பட்ட நூற்புழுக்களைக் கண்டு எழுதியவர் எம்.ஓ.டி. ஐயங்கார் என்ற நம் நாட்டுப் பூச்சியியலாளர். ரோமனோமெர்மிஸ் ஐயங்காரி என்று ஒரு இனமே அவர் பெயரில் இருக்கிறது. புதுச்சேரியில் உள்ள மத்திய அரசின் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆய்வு மையம் அதை வளர்த்து நெல்வயல்களில் விட்டுப் பார்த்திருக்கிறது. 1970களில் எல் சால்வடோர் நாட்டில் ஓர் ஏரியில் இதன் உறவினமான குலிசிவோரக்ஸை விட்டு அனாபிலிஸ் புழுக்களை நன்றாகக் குறைத்தார்கள்.

அப்படியானால் ஏன் கடைக்கடையாக விற்கவில்லை? அமெரிக்காவில் விற்றும் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. உயிருள்ள கொசுப்புழுக்களில்தான் இதைப் பெருக்க வேண்டும், முட்டைகள் பயணத்திலும் சேமிப்பிலும் கெட்டுப்போகும், நீர் உப்பானாலோ சாக்கடையானாலோ வேலை செய்யாது. அந்த நேரத்தில்தான், 1976-ல், இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் ஒரு மண் பாக்டீரியா கிடைத்தது. அதன் வருகையோடு நூற்புழுக்கள் பின்னுக்குப் போய்விட்டன.

நீங்கள் வாங்க வேண்டியது

அதன் பெயர் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ், சுருக்கமாகப் பிடிஐ. கத்தரியிலும் பருத்தியிலும் புழுவுக்குத் தெளிக்கிற பிடி (Bt) என்ற பாக்டீரியா மருந்தின் கூடப்பிறந்தது. ஆனால் கடையில் பிடி என்று மட்டும் கேட்காதீர்கள்: காய்ப்புழுவுக்கான வகையைத் தந்துவிடுவார்கள், அது கொசுவுக்கு ஆகாது. கொசுப்புழுவுக்கானது என்று லேபிளில் இருக்க வேண்டும், அரசுப் பதிவு எண் இருக்க வேண்டும். கொசுப்புழு இதைத் தின்றதும், அதன் குடலில் உள்ள காரத்தன்மையில் நச்சுப் படிகங்கள் கரைந்து குடலைச் சிதைத்துவிடும், பெரும்பாலும் ஒரே நாளில் சாகும். மீன், தவளை, மாடு, மனிதருக்கு இதனால் கெடுதல் இல்லை. ஒன்றுக்கு நான்காக நச்சுகள் சேர்ந்து தாக்குவதால் கொசுக்கள் இதற்குப் பழகிப்போவதும் எளிதில் நடப்பதில்லை. இதே மாதிரியான இன்னொரு பாக்டீரியா, ஸ்பேரிகஸ், சாக்கடை நீரில் நீண்ட நாள் உழைக்கும், ஆனால் கொச்சியில் அதைத் தொடர்ந்து போட்டதில் கியூலெக்ஸ் கொசுக்கள் பழகிப்போனதாக 1990களிலேயே பதிவானது.

பிடிஐயின் எல்லையும் தெரிந்திருக்கட்டும். தின்னும் புழுவைத்தான் கொல்லும். தலைபெருத்துச் சுருண்டு மிதக்கிற கூட்டுப்புழு எதையும் தின்னாது, அதை இது தொடாது. வெயிலிலும் அழுக்கு நீரிலும் சில நாளில் வீரியம் குறையும், திரும்பப் போட வேண்டும். அளவை லேபிளைப் பார்த்து வையுங்கள். குடிநீருக்கு அனுமதிக்கப்பட்ட தயாரிப்பா என்பதும் அதிலேயே இருக்கும்.

ஆனால் உங்கள் தோப்பை மனதில் வைத்துச் சொன்னால், மருந்தைவிட முதலில் கவனிக்க வேண்டியது வேறு. கடிக்கிற நேரத்தைக் கவனியுங்கள். பகலில் காலைச் சுற்றிக் கடித்தால் ஏடிஸ். அது பிறப்பது கொட்டாங்குச்சியில், இளநீர்க் கூட்டில், குவித்து வைத்த மட்டையின் குழிவில், பழைய டயரில், ஃபிரிட்ஜின் பின்தட்டில். இவற்றில் ஒவ்வொன்றிலும் மருந்து போட்டுத் தீராது. கவிழ்க்க வேண்டும், அல்லது கூரைக்கடியில் அடுக்க வேண்டும். மாட்டுத் தொட்டியை வாரம் ஒருமுறை காலி செய்து, உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். நீரை மட்டும் கொட்டினால் போதாது, ஏடிஸ் முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு நீரில்லாமலே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நம் வெக்கையில் முட்டையிலிருந்து கொசுவாகப் பத்து நாளுக்குள் ஆகிவிடும் என்பதால்தான் வாரம் ஒருமுறை என்று கணக்கு. மாடி டேங்குக்கு இடுக்கில்லாத மூடி, வழிந்தோடும் குழாய்க்கு வலை.

ராத்திரி காதருகே ரீங்காரம் என்றால் அது கியூலெக்ஸ். மட்டை ஊறும் குழியும் செப்டிக் டேங்க் புகைக்குழாயும்தான் மூலம். குழாய்க்கு வலை கட்ட ஐம்பது ரூபாய்கூட ஆகாது. குழியில் பிடிஐயோ ஸ்பேரிகஸோ மாற்றி மாற்றிப் போடலாம். மீன் விடுவது பற்றியும் கேட்டிருந்தீர்கள்: வெளியே போக வழியில்லாத சிமென்ட் தொட்டியில் கப்பி மீன் விடுங்கள், நல்லது. கம்பூசியா மீனை வாய்க்காலிலோ குளத்திலோ விட்டுவிடாதீர்கள், அது நாட்டு மீன் குஞ்சுகளையும் தவளைக் குஞ்சுகளையும் தின்று தீர்த்துவிடும்.

பணியாளரைத் திருப்பி அனுப்பலாமா?

உரிமை என்று கேட்டதால் சொல்கிறேன், நான் வக்கீல் இல்லை, ஆனால் இது எங்கள் அன்றாட வேலையில் வருகிற விஷயம். தமிழ்நாடு பொது சுகாதாரச் சட்டம், 1939, கொசு உற்பத்தியாகும்படி நீர் தேங்க விடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை இடத்துக்குச் சொந்தக்காரர் மேல் வைக்கிறது. புழு இருந்தால் நோட்டீஸ் வரலாம், அபராதமும் வரலாம். "என் வீடு, என் தொட்டி" என்ற வாதம் இங்கே எடுபடாது, ஏனென்றால் உங்கள் தொட்டியில் பிறந்த கொசு பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கடிக்கும்.

அதே சமயம் உங்கள் தயக்கமும் கேட்கத் தகாதது இல்லை. அபேட் என்பது டெமிஃபாஸ், ரசாயனம்தான். ஆனால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவுக்குள் குடிநீரில் போட உலக சுகாதார நிறுவனம் ஏற்ற மருந்து, யாரோ கண்டபடி ஊற்றுவதில்லை. போடவே வேண்டாம் என்று நினைத்தால் அதற்கு ஒரு வழி உண்டு. பணியாளரை உள்ளே அழைத்து, தொட்டியைத் திறந்து காட்டுங்கள். கழுவி, மூடி, புழு இல்லாமல் இருந்தால் மருந்தின் தேவையே குறைந்துவிடும், கலந்து பேசிக்கொள்ளலாம். வெயிலில் வீடு வீடாக நடக்கிறவர்கள் அவர்கள். உங்கள் கண்ணில் படாத டயரையும் தேங்காய்த் தொட்டியையும் அவர்கள் கண்டுபிடித்துச் சொல்வார்கள். அப்புறம், புகை மருந்து அடித்தார்களே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அது அந்த நேரத்தில் பறக்கிற கொசுவைத்தான் கொல்லும், நீரில் இருக்கிற புழுவுக்கு ஒன்றும் ஆகாது.

அம்மாவுக்கோ மகளுக்கோ மறுபடி காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை நீங்களாகக் கொடுக்காதீர்கள். ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபெனும் டெங்குவில் ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். காய்ச்சல் விட்ட பிறகு வயிற்றுவலி, விடாத வாந்தி, சோர்வு, ஈறில் ரத்தம் என்று எது தெரிந்தாலும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மீதிப் பொடியை வீணாக்காதீர்கள். காலாவதித் தேதி பாருங்கள், அதற்குள் ஒரு சாயங்காலம், மண் ஈரமாக இருக்கும்போது, பாக்கு வேரடியிலேயே ஊற்றிவிடுங்கள். வெயிலில் ஊற்றினால் நூற்புழு செத்துவிடும். அதுவரை பாக்கெட்டை நிழலான, குளிர்ச்சியான இடத்தில், மகளுக்கு எட்டாமல் வையுங்கள்.